பத்து நிமிடம் கூட்டி

ஏழாவது தடவையும் புதுக் கணினியின் நிறுவல் பாதியில் நின்றது.

சர்வர் நேரமும் இந்தக் கணினியின் நேரமும் ஒத்துவரவில்லை என்றது திரை. ஏழு தடவையும் அதையேதான் சொல்லியிருந்தது. செய்தியைப் படிக்காமல் கேபிளைப் பிடுங்கி மாட்டுவது, கணினி நிறுவும் அவர் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி.

இப்போது படித்தார்.

புதுக் கணினியில் 11.02. ஆஸ்பத்திரியின் பழைய சர்வரில் 11.12.

அவர் கைக்கடிகாரத்திலும் 11.12.

பஸ்ஸை விட்டுவிடக் கூடாதென்று எப்போதும் பத்து நிமிடம் கூட்டியே வைப்பார். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் இந்தச் சர்வரை நிறுவியவரும் அவர்தான். கையைப் பார்த்துத்தான் நேரம் வைத்தார். பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

குழந்தை அழுததும் சிஸ்டர் ஒரு பொத்தானைத் தட்டுவார். பிறந்த நேரம் சர்வரில் தானாக விழும்.

நிறுவிய மறு மாதம் அவர் மகள் வடிவு இங்கேதான் பிறந்தாள். மாலை 4.36.

அன்றைக்குப் பூசம் 4.31 வரை. அதற்கு மேல் ஆயில்யம்.

வடிவும் நயினாரும் நாலு வருடம் விரும்பினார்கள். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று நயினாரின் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். போன தை மாதம் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

"எல்லாம் பிறந்த நேரம்மா" என்று இவரும் வடிவைத் தேற்றியிருந்தார்.

4.36-லிருந்து பத்தைக் கழித்தார். மறுபடியும் கழித்தார்.

அடப்பாவி, என்றார் தனக்குத்தானே.

ஜெபராணி சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "சார், உள்ள பிரசவம் ஆகப் போவுது. முடிஞ்சிட்டா?"

சர்வர் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினார். எட்டாவது தடவை, நிறுவல் முடிந்தது.

உள்ளே குழந்தை அழுதது. திரையில் நேரம் விழுந்தது. 11.09. சரியான நேரம்.

வராந்தாவுக்கு வந்து வடிவை அழைத்தார்.

"என்னப்பா, வேலை நேரத்துல?"

"ஒங்கிட்ட இப்ப மணி என்னம்மா?"

"பதினொண்ணு பத்து."

கைக்கடிகாரத்தின் திருகைப் பின்னால் திருப்பினார். பத்து நிமிடம் திருப்ப வெகுநேரம் ஆனது.

"நீ ஆயில்யம் இல்லம்மா. பூசம். ஆஸ்பத்திரி சர்வர்ல நான் வச்ச நேரம்தான் தப்பு."

"சரிப்பா," என்றாள் வடிவு. "இத இப்ப யார்ட்டப்பா போய்ச் சொல்ல?"