குறை எந்தப் பக்கம்?

“நின்னு நின்னு அடிக்குது பாருங்க தம்பி,” என்றார் கருப்புசாமி.

கடை மேஜையில் இருந்த திரையில் ஓர் இதயம் தெரிந்தது. நெஞ்சை எக்கோ ஸ்கேன் எடுத்த சி.டி. அது. இரண்டு துடிப்பு துடிக்கும், அப்படியே உறைந்து நிற்கும், பிறகு திடுக்கென்று ஒரு தாவல். பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டியது.

“பயப்படாதீங்க. நின்னு போறது கம்ப்யூட்டருங்க, நெஞ்சில்ல,” என்றான் கடைக்காரன் பிரதீப். “யாரோடதுங்க?”

“எம் பொண்ணு யோகப்பிரியாவோடது. இந்தக் கம்ப்யூட்டரும் அவளோடதுதான். ஸ்கூல் டீச்சருங்க.”

கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொழிஞ்சாம்பாறை வரை பஸ்ஸில் வந்திருந்தார் அவர். கூட வந்த மனைவி வள்ளியாத்தாள் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். திரைப் பக்கம் அவள் தலை திரும்பவேயில்லை.

பிரதீப் மவுஸை உருட்டிப் பார்த்தான். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ்தான்; டீச்சர் கம்ப்யூட்டரும் எதிர்பார்த்தபடியே லினக்ஸ். விண்டோஸில் மட்டும் திறக்கிற சமாச்சாரங்களுக்காக, லினக்ஸுக்குள்ளேயே ஒரு விண்டோஸையும் அவள் குடிவைத்திருந்தாள். இதயம் அந்த விண்டோஸில்தான் திணறிக்கொண்டிருந்தது.

“லினக்ஸை அழிச்சுட்டு நேரா விண்டோஸே போட்டுரட்டுங்களா? சுலபமா முடிஞ்சுரும்.”

“வேண்டாங்க. அவ வெச்சது வெச்சபடி இருக்கட்டும்.” தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறவர் பேசுகிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது குரல். “கொச்சி ஆஸ்பத்திரியில காய்ச்சல் இன்னும் விடலைன்னு நர்ஸம்மா போன்ல சொன்னாங்க. ரிப்போர்ட்டுல குறை ஒண்ணுமில்லைன்னுதான் எழுதியிருக்குது. ஆனா இந்தப் படத்தைப் பாத்ததுல இருந்து, நெஞ்சுலயே குறை இருந்திருக்குமோன்னு பயமா இருக்குதுங்க. அதை எங் கண்ணால பாத்துரோணும்.”

“ஆபரேஷன் ஏதாச்சும் ஆச்சுங்களா?”

“நல்லபடியா ஆச்சுங்க.”

“நீங்க ரெண்டு பேரும் அங்க இருக்க வேண்டாமா?”

“எங்களை உள்ள உட மாட்டாங்க.”

ஐ.சி.யூ. என்றால் அப்படித்தான் என்று பிரதீப் நினைத்துக்கொண்டான்.

விளக்கம் சொல்ல ஆள் கிடைத்தால் அவனுக்கு டீ கூட வேண்டாம். “ஒண்ணுக்குள்ள ஒண்ணு குடியிருக்குதுங்க. வெளிய இருக்கற கம்ப்யூட்டர்ல படம் வரையறதுக்குன்னே நல்ல கிராபிக்ஸ் சிப் இருக்குது. ஆனா உள்ள இருக்கறதுக்கு அதைத் தொட உடறதில்ல. அதனால படம் மொத்தத்தையும் உள்ள இருக்கறது கையாலயே வரைஞ்சு வரைஞ்சு களைச்சுப் போகுது.”

அதுவரை மரம் மாதிரி நின்ற கருப்புசாமி கொஞ்சம் குனிந்தார். “வெளிய இருக்கறது, உள்ள வந்ததை ஏத்துக்கவே ஏத்துக்காதுங்களா?”

“ஏத்துக்குமுங்க. நாமதான் ரெண்டையும் பழக்கி உடோணும்.”

“ஏத்துக்கலைன்னா?”

“திணறிட்டே கெடந்து ஒருநாள் நின்னுரும்,” என்று சிரித்தான் பிரதீப். அவர் சிரிக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிரதீப் உள்ளே ஓடிய விண்டோஸை நிறுத்தினான். அதற்கு ஒதுக்கியிருந்த கிராபிக்ஸ் மெமரியைக் கூட்டினான், 3டி ஆக்ஸிலரேஷன் என்ற இடத்தில் ஒரு டிக் போட்டான். திரும்ப ஓடவிட்டு, இரண்டையும் இணைக்கிற, விட்டுப்போயிருந்த டிரைவர் மென்பொருளையும் ஏற்றினான். எதிர்க் கடையில் யாரோ மலையாளத்தில் கோழித்தீவனத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வள்ளியாத்தாள் அதையே கவனிப்பவள் போல இருந்தாள்.

சி.டி. மறுபடி ஓடியது.

இந்தத் தடவை நிற்கவில்லை. வால்வு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கருப்புசாமி முதலிலிருந்து போடச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“நான் டாக்டரில்லீங்க. ஆனா எங்கயும் நிக்கல பாருங்க,” என்றான் பிரதீப்.

கருப்புசாமி மனைவி பக்கம் திரும்பினார். “குறை நம்ம பக்கம் இல்ல, வள்ளி.”

அப்போதுதான் வள்ளியாத்தாள் எழுந்து வந்தாள். துடித்துக்கொண்டிருந்த இடத்தில், கண்ணாடி மேல் விரலை வைத்தாள். அழுகிற முகமாக இல்லை அது.

பிரதீப்புக்கு மனசு நிறைந்துவிட்டது. “அப்புறமென்னங்கம்மா! டீச்சரை எப்ப ஊட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறீங்க?”

“அவளுக்குக் கருமாதி முடிஞ்சுது தம்பி,” என்றாள் வள்ளியாத்தாள், விரலை எடுக்காமலே. “ இது மட்டுந்தான் கொச்சியில வேற ஒருத்தருக்குள்ள ஓடுது.”