இன்று புகைபிடித்தீர்களா?

"இன்னிக்கும் பிடிக்கலம்மா. செல்லுல 'இல்லை'ன்னுதான் அழுத்தியிருக்கேன். பார்க்கலியா?" என்றாள் கௌசர்.

"பார்த்துட்டுதான் கூப்பிட்டேன் கௌசரம்மா. இன்னியோட நூறு நாள்!" வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஷர்மிளாவின் குரல் துள்ளியது.

புற்றுநோயாளிகள் புகையை விடுவதற்கான அந்தச் செயலியை முனீர் அகமதின் போனில் ஏற்றிக் கொடுத்தவளே அவள்தான். தினமும் மாலை ஆறு மணிக்கு அது பெயர் சொல்லிக் கேட்கும்: 'முனீர் அகமது, இன்று புகைபிடித்தீர்களா?' தொண்டை ஆபரேஷனில் அவருக்குக் குரல் போய்விட்டது. அதனால் பதிலை அழுத்துவதும், வாரம் ஒருமுறை ஷர்மிளா கூப்பிட்டால் பேசுவதும் மனைவி கௌசரின் வேலை.

"ஆரம்பத்துல ஒருநாள் பீடி பிடிச்சிட்டு வந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? தோல் டேனரி கேட்டாண்ட தோஸ்துங்களோட. நான் 'இல்லை'ன்னு அழுத்தப் போனேன். கையப் புடிச்சுத் தடுத்துட்டாரு. பொய் ஆகாது அவருக்கு."

"இப்ப இருமல் எப்படி?"

"இருமலே இல்லம்மா."

"சூப்பர்! அப்ப இனிமே உங்கள பேஜார் பண்ண மாட்டோம். இன்னியோட அந்த 'ஆப்'ப நிறுத்திடறேன். நானும் கூப்பிட மாட்டேன்."

கௌசர் பதறினாள். "வேணாம்மா, நிறுத்தாத. நாளைக்கும் கேக்கட்டும்."

"எதுக்கு? அதான் பாய் மொத்தமா விட்டுட்டாரே."

"அது பாட்டுக்குக் கேட்டுட்டுப் போவுது. நீயும் எப்பவாச்சும் கூப்பிடு."

"மறுபடியும் பிடிச்சிடுவாருன்னு பயமா?"

"அதில்லம்மா..."

"வீடியோல வர்றேன். பாய்கிட்ட ஒரு நிமிஷம் காட்டுங்க, நானே நேர்ல பாராட்டிடறேன்."

கௌசர் வாசலைப் பார்த்தாள். ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் பேசிக்கொண்டே தெருவைக் கடந்தார்கள். யாரும் இந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"கௌசரம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அவரு மௌத்தாயி, அடக்கம் பண்ணி அறுவத்திரண்டு நாளாச்சும்மா. நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிஞ்சதும் ரியாத்லேந்து வந்த பையனும் கிளம்பிட்டான். அதுக்கப்புறம் அவரு பேரச் சொல்லி இந்த வீட்ல விசாரிக்கறது நீயும் அந்தச் செல்லும்தான்."