உச்சி குளிர்ந்த ஹீட்சிங்க்

ஒரு கம்ப்யூட்டருக்குள் பிராசஸரின் தலைமேல் ஹீட்சிங்க் என்கிற அலுமினிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று தனி ஃபேன் வேறு. கீழே பிராசஸர் வேலை செய்து சூடாகும். அந்தச் சூட்டை வாங்கி வெளியே விடவேண்டியது அவர் பொறுப்பு. சூட்டை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க இருவருக்கும் நடுவில் கொஞ்சம் பசை.

அந்தப் பசை எப்போதோ காய்ந்து பொருக்காகிவிட்டது. எதையும் மேலே கொண்டுபோக அதற்குத் தெம்பில்லை. ஆனால் ஹீட்சிங்க், "கீழே எப்படிப்பா?" என்று கேட்டால் மட்டும் வாய் காயாது.

"உங்க நிர்வாகத்துல என்னங்கய்யா குறை? ஜில்லுன்னு இருக்கு."

ஹீட்சிங்க் தன் உடம்பைத் தொட்டுப் பார்ப்பார். ஜில்லென்றுதான் இருக்கும். உச்சி குளிர்ந்துபோவார்.

கீழே பிராசஸர், "ஐயா, வேகுதுங்க" என்று கதறிக் கதறி ஒருநாள் மயங்கி விழுந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது.

மெக்கானிக் திறந்து பார்த்து, பழைய பசையைச் சுரண்டி எறிந்தார். நல்ல பசையாகத் தேடி வாங்கிவந்து, பட்டாணி அளவு வைத்து மூடினார்.

புதுப் பசைக்கு நெளிவு சுளிவு தெரியாது. கீழே இருந்த சூட்டை இருந்தபடியே மேலே கொண்டுபோய்க் கொடுத்தது. பிராசஸருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஹீட்சிங்குக்கு உடம்பெல்லாம் தகித்தது.

"பழையவர் இருந்தவரைக்கும் இங்கே சூடுங்கிற பேச்சே கிடையாது" என்று சீறினார். "வந்ததும் வராததுமா கீழே போய் என்னத்தை மூட்டிவிட்டே?"