படகு ஆடிய ஆட்டம்

படகு ஆடிய ஆட்டத்தில் சர்வே குழுவே வாந்தி எடுத்துப் படுத்துவிட்டது. நாஜ்னீன் மட்டும் சோனார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மீன்பிடிப் படகுகளை உடைத்துவந்த பாறை, மாலைக்குள் கடலடி வரைபடத்தில் சிக்கிவிட்டது.

"நீ இல்லேன்னா இன்னிக்கு வெறுங்கையோடதான் கரைக்குத் திரும்பியிருப்போம்," என்றார் தலைமை அதிகாரி, வாயைத் துடைத்துக்கொண்டே. "மீனவக் குடும்பமாம்மா? அப்பா படகு ஓட்டுறாரா?"

"இல்லைங்க சார். கடலையே நேத்துத்தான் மொதல் தடவையா பாத்தேனுங்க."

"அப்புறம் எப்படிம்மா தலை சுத்தலை?"

"எங்க அத்தா குன்னூர்–மேட்டுப்பாளையம் பஸ் டிரைவருங்க," என்று சிரித்தாள். "காலேஜுக்கு அந்த பஸ்தான். சீட்டே கிடைக்காதுங்க. அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் நின்னுக்கிட்டேதான் பரீட்சைக்குப் படிச்சேனுங்க!"