ஒரே அடுப்பு, இரண்டு எண்ணெய்

“மறுபடியும் உன் தம்பிக்கு மட்டும் தனி பாட்டிலா? கட்டின புருஷனுக்கு ஒரு எண்ணெய், கூடப் பொறந்தவனுக்கு ஒரு எண்ணெயா?”

சமையலறை அதிரக் கத்தினார் கணவர். அடுப்பில் இரண்டு வாணலி. பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு எண்ணெய் பாட்டில். ஒன்றில் ‘அவர்’, மற்றதில் ‘தம்பி’ என்று மனைவி சீட்டு ஒட்டியிருந்தாள்.

“மெதுவாப் பேசுங்க. தம்பி காதுல விழப்போகுது.”

“விழட்டும்! ஒரு மாசமா இங்கயே உக்காந்து சாப்பிடறான், அவனுக்கு உசத்தி எண்ணெய். தடுப்பூசி போட ரெண்டு பேரையும் ஒண்ணா இழுத்துட்டுப் போன. வாராவாரம் ரத்தம் எடுக்கவும் நான் வேணும். எண்ணெய்னா மட்டும் நான் வேத்தாளா?”

“இன்னும் ஒரு வாரம் பொறுங்க. எல்லாம் சொல்றேன்.”

“நான் ஏன் பொறுக்கணும்? ரெண்டு வாரம் முன்னாடியே சீட்டை மாத்தி ஒட்டிட்டேன். உசத்தி எண்ணெய் என் வயித்துக்குத்தான் போகுது!”

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. “மாத்திட்டீங்களா? ஐயோ, என் உழைப்பெல்லாம் பாழ்!”

“என்ன உழைப்பு?”

“நாம சாப்பிடற கொழுப்புதான் நோயை எதிர்க்கிற செல்லோட உறையில போய்ச் சேருது. எந்தக் கொழுப்புல அந்த செல் பிழைக்குது, எதுல செத்து விழுதுன்னு பாக்கத்தானே ரெண்டு பேருக்கும் வேற வேற எண்ணெய் ஊத்தினேன்!”

“அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“கேக்கணுமா? எங்க ஆய்வுக்கூடத்துல அத்தனை எலிக்கும் நான்தான் சாப்பாடு போடறேன். ஒண்ணாவது இப்படித் திருட்டுத்தனமா தட்டை மாத்தித் தின்னிருக்கா?”