சின்னையா ஊற்றிய எண்ணெய்

வாய்க்கால் தண்ணீர் அள்ளிய போத்தலை ஆம்புரோஸ் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

வீட்டுக்குள் அவன் அக்கா மகள் பியாட்ரிஸ் மூன்று போர்வைக்கு அடியிலும் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படித்தான். வயது ஏழு. ஆஸ்பத்திரிக்குப் போகச் செமோர் டவுனிலிருந்து டாக்சி இன்னும் வரவில்லை.

"நீ ஊத்துன கிருமிதான்டா எம்புள்ளையப் புடிச்சிருக்கு!" அக்கா எல்ஸி வாசலிலேயே கத்திவிட்டாள்.

ஊற்றியது உண்மைதான். கேட்டவளும் அவள்தான். தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் ஓடும் அல்லூறு, அந்த வாய்க்கால் முழுக்கக் கறுப்பெண்ணெய், கிணற்றுத் தண்ணீர்கூட நாறுகிறது, ஈப்போ ஆய்வுக்கூடத்தில் நீ என்னதான் கிழிக்கிறாய் என்று கேட்டாள்.

அவன் அங்கே போத்தல் கழுவுகிறவன். ஆனாலும் இந்த அல்லூற்றங்கரை மண்ணை மைலோ டின்னில் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தவன் அவன்தான். அதில் வளர்ந்த கிருமிகள் சோப்பு மாதிரி நுரையைச் சுரந்து எண்ணெயை உடைத்துத் தின்றன. யாருக்கும் தெரியாமல் நான்கு போத்தல் கொண்டுவந்து, பெரிய விஞ்ஞானி மாதிரி அல்லூற்றில் ஊற்றினான்.

பழைய தோட்டத் தொழிலாளியான சின்னையாக் கிழவரையும் எண்ணெய் ஊற்றாமல் தடுத்தாயிற்று. தோட்டத்தை எழுபத்து நான்கில் விற்றுவிட்டார்கள். அதன் பிறகும் ஒன்பது வருடம், லாரிப் பட்டறையில் கழிவெண்ணெய் வாங்கிவந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அல்லூற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டால், வெள்ளைக்காரத் துரை சொன்ன வேலை என்பார். பழைய ஆட்கள் யாரும் லயத்தில் இல்லை. இருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். ஆம்புரோஸும் சொன்னான்.

போத்தலில் எண்ணெய் இல்லை. நாற்றமும் இல்லை. இவ்வளவு சுத்தமான தண்ணீரா பிள்ளையைப் படுக்கவைக்கும்? கர்த்தரே, பழி என் மேல் இல்லை என்று மூச்சு விட்டான்.

அடியில் நூல் போல ஒன்று வளைந்து நிமிர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து.

கொசுப்புழு.

மலேரியாக் கொசுவைத் தடுக்கத்தான் துரை எண்ணெய் ஊற்றச் சொன்னார் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. 

சின்னையாவின் வீட்டுக்கு ஓடினான். "தாத்தா, எண்ணெ இருக்கா? ஊத்துங்க தாத்தா, இப்பவே ஊத்துங்க!"

சின்னையா உடனே எழுந்தார். தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். கறுப்பு, தண்ணீரை மூடி போட்டதுபோல் மறைத்தது.

ஆம்புரோஸ் கரையிலேயே குந்தியிருந்தான்.

முதலில் ஓரத்தில் நுரை கட்டியது. பிறகு நடுவில் எண்ணெய் கிழிந்து விலகியது. அந்த ஓட்டைகளில் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. புழுக்கள் அங்கே வந்து மூச்சு வாங்கின.

அவனுடைய கிருமிகள் நன்றாகவே வேலை செய்தன.

வீட்டுக்குள் எல்ஸி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.