லைனிலேயே இரு

ஆன்லைன் வகுப்பில் பேராசிரியை கேட்ட சின்னக் கேள்விக்கு, ஆனர்ஸ் பிரிவில் எப்போதும் முதலிடம் பெறும் மாணவி தப்பாகப் பதில் சொன்னாள்.

"இதுகூடவா தெரியல? மத்தவங்க எல்லாம் போகலாம். நீ மட்டும் லைன்லயே இரு."

"வேலை இருக்கு மேடம்... நானும் போகட்டுமா?"

"லைனைக் கட் பண்ணினா உங்கப்பாவுக்குப் போன் பண்ணுவேன். பாடத்தை முதல்லேர்ந்து வாசி!"

அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று வாசல் கதவு உடைந்தது. உள்ளே பாய்ந்த போலீசார், மடிக்கணினிக்குப் பின்னால் அவளை நோக்கிக் கத்தியை நீட்டியபடி நின்றிருந்த திருடனை அமுக்கினார்கள்.

"நீ தப்பா சொன்னதுமே ஏதோ விபரீதம்னு புரிஞ்சு, போலீசுக்குச் சொல்லிட்டேம்மா" என்றார் பேராசிரியை, திரையில் கண்ணைத் துடைத்தபடி.

"அப்புறம் ஏன் மேடம் அப்படித் திட்டினீங்க?" அவள் தேம்பினாள்.

"திட்டலேன்னா அவன் உன்னை லைன்ல இருக்க விட்டிருப்பானா?"